இரண்டு கியரா, மூன்று கியரா?

அமெரிக்க டிராக் ரேஸின் பாரம்பரியத் தூரம் கால் மைல், அதாவது 1,320 அடி. இதைக் கடக்க இரண்டு கியர் போதுமா, மூன்று வேண்டுமா? செவர்லே 1950-இல் கொண்டுவந்த பவர்கிளைடும், ஜெனரல் மோட்டார்ஸ் 1964-இல் இறக்கிய டர்போ 400-உம் இந்த வழக்கை இன்னும் நடத்திக்கொண்டிருக்கின்றன. இரண்டுமே குடும்பக் கார்களுக்காகப் பிறந்த ஆட்டோமேட்டிக் பெட்டிகள். பவர்கிளைடின் உற்பத்தி 1973-இல் நின்றுபோனது. பந்தயக்காரர்கள்தான் அதை விடவில்லை.

பவர்கிளைடில் முதல் கியரின் விகிதம் 1.76, அடுத்தது 1. டர்போ 400-இல் 2.48, 1.48, 1. முறுக்குவிசை நிமிடத்துக்கு 5,000 சுற்றிலும் குதிரைத்திறன் 6,800 சுற்றிலும் உச்சம் தொடும் ஒரே எஞ்சினை இரண்டிலும் மாட்டிப் பார்ப்போம். திறன் உச்சத்தைத் தொட்டவுடன் கியரை மாற்றினால் அவசரம். சற்றுத் தாண்டவிட்டு 7,200-இல் மாற்றினால்தான், சுற்று விழுந்த பிறகும் எஞ்சின் தெம்பான இடத்திலேயே நிற்கும். டர்போ 400-இல் முதல் மாற்றத்துக்குப் பின் சுமார் 4,300, அடுத்ததில் 4,865. பவர்கிளைடில் இருப்பது ஒரே மாற்றம். அதில் 4,090-க்குத் தொபுக்கென்று விழுகிறது. தாளில் பார்த்தால் பவர்கிளைட் தோற்றுவிட்டது.

ஆனால் இந்தக் கணக்கு, எஞ்சினும் கியர்பெட்டியும் இறுகப் பூட்டியிருப்பதாக நினைத்துப் போட்டது. நடுவில் டார்க் கன்வர்ட்டர் இருக்கிறதே! மேட்டில் ஹாஃப் கிளட்ச் பிடித்து வண்டியை நகர்த்தியவர்களுக்கு இது எளிதில் புரியும். அந்த வழுக்கலை இங்கே எண்ணெய் செய்கிறது. அதோடு, எண்ணெயைத் திருப்பிவிடும் ஸ்டேட்டர் புறப்படும் நொடியில் முறுக்குவிசையை ஏறக்குறைய இரு மடங்காக்கும். அதை எந்தக் கிளட்சும் செய்யாது. வெளியேறும் தண்டை அசையவிடாமல் பிடித்துக்கொண்டு முழு ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால், எஞ்சின் எந்தச் சுற்றுக்கு மேல் ஏற முடியாமல் நிற்கிறதோ அதுதான் ஸ்டால்.

பவர்கிளைடுக்கு 5,300 ஸ்டால் உள்ள கன்வர்ட்டரைப் போடுங்கள். கியர் மாறியதும் எஞ்சின் 4,090 வரை விழாது. கன்வர்ட்டர் வழுக்கிக்கொடுத்து 5,300-ஐ ஒட்டியோ சற்று மேலேயோ தாங்கிக்கொள்ளும். இல்லாத கியரை எண்ணெய் ஈடுகட்டுகிறது. ஸ்டாலை ஒரு நாளும் கியர் மாற்றும் சுற்றை இன்னொரு நாளும் தனித்தனியாக முடிவு செய்கிறவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

டர்போ 400-க்கு இவ்வளவு தளர்ந்த கன்வர்ட்டர் தேவைப்படாது. 2.48 முதல் கியரே கனமான காரை உலுக்கி எழுப்பிவிடும். வழுக்கல் குறைவதால் எண்ணெயின் சூடும் குறைவு. எடை குறைந்து திறன் மிகுந்த காரிலோ அதே 2.48 டயரைச் சும்மா சுழலவிடும். அங்கே 1.76-இன் நிதானம் வரம். சாலையிலும் ஓட்டவேண்டிய கனத்த காருக்கு நான் டர்போ 400-ஐத்தான் சொல்வேன். பிராக்கெட் ரேஸில், தன் நேரத்தைத் தானே முன்கூட்டி அறிவித்து அதற்குக் கீழே போய்விடாமல் ஓடவேண்டும். அங்கே ஒரு மாற்றம் குறைந்தால் பிசகவும் ஒரு வாய்ப்பு குறைகிறது. என் ஓட்டு பவர்கிளைடுக்கு.

கடையில் "5,000 ஸ்டால்" என்று கேட்டு வாங்குவது பாதி உண்மைதான். அந்த எண் கன்வர்ட்டருக்கு மட்டும் சொந்தமானதல்ல. பின்னால் தள்ளும் முறுக்குவிசை கூடினால் ஸ்டாலும் கூடும். 2023-இல் மூடப்பட்ட கொலராடோவின் பண்டிமியர் ஓடுதளம் 5,800 அடி உயரத்தில் இருந்தது. மெல்லிய காற்றில் எஞ்சின் சோர்ந்துவிடும். சமவெளியில் சரியாக இருந்த அதே கன்வர்ட்டர் அங்கே தாழ்ந்த ஸ்டாலையே காட்டும்.

கடைசிக் கியர் இரண்டிலும் 1 என்பதால், எல்லைக் கோட்டில் போடும் கணக்கு இருவருக்கும் ஒன்றுதான். 28 அங்குல டயர், 4.10 பின் அச்சு விகிதம், மணிக்கு 130 மைல் என்றால் வழுக்கலே இல்லாத எஞ்சின் சுமார் 6,400-இல் ஓடவேண்டும். மீட்டர் 6,800 காட்டினால் வழுக்கல் ஏறக்குறைய 6 விழுக்காடு. இது இரட்டித்தால் எண்ணெயைக் காய்ச்சத்தான் ஓடுகிறோம் என்று பொருள். டர்போ 400 வைத்திருப்பவர் இறுக்கமான கன்வர்ட்டருக்கு மாறிக்கொள்வார். பவர்கிளைடுக்காரர் ஸ்டாலைக் குறைக்கும் ஒவ்வொரு நூறு சுற்றுக்கும் அந்த 4,090 பள்ளத்தை நோக்கி இறங்கவேண்டியிருக்கும்.