சொத்துப் பட்டியலில் எழுதப்பட்ட மனிதர்கள்: நன்னம்பிக்கை முனை ஆவணங்களும் குடும்ப வரலாற்றுத் தேடலும்

இறந்தவர் விட்டுச்சென்ற சொத்தைக் கணக்கெடுத்து எழுதும் பட்டியல் வாரிசுகளுக்காக உருவான ஆவணம். அதைக் கொண்டு குடும்ப வரலாறு தேடுவோரும் வாரிசுகளையே தேடுகிறார்கள்: மனைவி யார், மக்கள் எத்தனை பேர், யாருக்கு என்ன பங்கு? தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி ஆண்ட காலத்துப் பட்டியல்கள் இந்தப் பழக்கம் போதாது என்று காட்டுகின்றன. சொத்தைப் பெற்றவர்களோடு, சொத்தாகவே எண்ணப்பட்ட அடிமைகளின் பெயர்களும் அவற்றில் உண்டு. பின்னவர்களின் வழித்தோன்றல்களுக்குப் பல வேளைகளில் இதைவிடப் பழைய சான்று கிடைப்பதில்லை. சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேற்றப்பட்டவர்களும் அவர்களில் அடக்கம். எனவே இந்த ஆவணங்களைக் கடைசி வரிவரை படிப்பது தமிழ் வரலாற்றுக்கும் உரிய வேலை.

1652இல் குடியேற்றம் தொடங்கிய முனையில், 1673இல் அநாதைகள் நலச் சபை அமைந்தது. டச்சு மொழியில் அதன் பெயர் வேஸ்காமர். இறந்தவருக்கு வயதுவராத பிள்ளைகளோ தொலைவிலுள்ள வாரிசுகளோ இருந்தால், அவர்களுடைய பங்கைக் காப்பது அதன் கடமை. ரோமன்-டச்சுச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் கணவன் மனைவி சொத்து பொதுவானது. ஒருவர் இறந்தால் பாதி துணைக்கு, மீதி வாரிசுகளுக்கு. பங்கைச் சரியாகப் பிரிக்க வேண்டுமானால் எந்தப் பிள்ளை எந்தத் திருமணத்தில் பிறந்தது, வயது என்ன என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். ஆகவே பட்டியலின் முகப்பே ஒரு சிறு வம்சாவளியாக அமைந்துவிடுகிறது. 1834இல் சபையின் பொறுப்பு உச்ச நீதிமன்றத்தின் மாஸ்டர் அலுவலகத்துக்கு மாறியது. அதன்பின் வந்த இறப்பு அறிவிப்புகள் இறந்தவரின் பெற்றோர் பெயரையும் கேட்டுப் பதிந்தன.

முகப்பைத் தாண்டினால் கணக்கெடுப்பவர் வீட்டுக்குள் நடந்துபோவது தெரிகிறது. முன்கூடத்தில் மேசை, நாற்காலி, கண்ணாடி, அடுக்களையில் செம்புப் பாத்திரங்கள், இரும்புச் சட்டிகள், பரணில் தானியம், கிடங்கில் திராட்சை மதுப் பீப்பாய்கள், வெளியே வண்டி, ஏர், காளை, ஆடு. அதே கணக்கில், அதே கையெழுத்தில், அடிமைகள். வளர்ந்த ஆணையும் ‘பையன்’ என்றே எழுதினார்கள். பெண்ணின் பெயரோடு அவள் குழந்தையும் ஒரே வரியில் இடம்பெறுவதுண்டு. பெயர் கியூபிட், டைட்டஸ், பிப்ரவரி, செப்டம்பர் என்று எசமானர் சூட்டியதாக இருக்கும். அதன் பின்னால் ‘வங்காளத்தவர்’, ‘மடகாஸ்கர்க்காரர்’, ‘கரையைச் சேர்ந்தவர்’ என்று ஓர் இடக்குறிப்பு. முனையிலேயே பிறந்தவருக்கு அந்த முனையே அடைமொழி. அடிமைப் பத்திரத்தை ஆளோலை என்று வழங்கிய தமிழருக்கு, மனிதரை நிலபுலனோடு சேர்த்து எழுதும் இந்த வழக்கம் அறியாத கொடுமையல்ல.

இந்த வரிகள் கண்ணில் பட நெடுங்காலம் ஆயிற்று. 1893–94இல் வெளிவந்த டி வில்லியர்ஸின் பழைய முனைக் குடும்பங்களின் வம்சப் பதிவு, குடியேறிய ஐரோப்பியக் குடும்பங்களை மையமாக வைத்தது. 1977இல் அன்னா போசெகன் அடிமைகளையும் விடுதலை பெற்ற கறுப்பினத்தவரையும் பற்றிய நூலில் விற்பனைப் பத்திரங்களை எடுத்தாண்டார். 1984இல் ஹான்ஸ் ஹீசெ, வெள்ளையர் எனத் தம்மைக் கருதிய ஆப்பிரிக்கானர் குடும்பங்கள் பலவற்றின் வேரில் அடிமைப் பெண்கள் இருப்பதைக் காட்டினார். ஆவணங்கள் பழையவை, அவற்றிடம் கேட்ட கேள்விதான் மாறியது.

அடிமைகளைப் பற்றிய வரிகளைக் கொண்டு முன்னோரைத் தேடுவதற்கு வலுவான மறுப்புகள் உண்டு. எசமானர் சூட்டிய பெயர் ஒருவரின் அடையாளம் ஆகுமா? இடக்குறிப்பு பிறந்த ஊரா, கப்பலேறிய துறைமுகமா? ஒரே பெயரில் பலர் இருக்கும்போது யார் யாரென்று எப்படிப் பிரிப்பது? மூன்றும் நியாயமான கேள்விகள். நாகப்பட்டினத்தில் விற்கப்பட்டவர் உள்நாட்டுச் சிற்றூர்க்காரராக இருக்கலாம். ஆகவே இடக்குறிப்பை ஊராகக் கொள்ளாமல் பயணத்தின் ஒரு படியாகவே கொள்ள வேண்டும். ஆனால் சில குறிப்புகள் ‘கரை’ என்பதைவிடத் துல்லியமானவை. 1657இல் கம்பெனியின் பத்தாவியா நகரிலிருந்து முனைக்குக் கைதியாக அனுப்பப்பட்ட கத்தரினா என்ற பெண்ணின் அடைமொழி பழவேற்காடு. 1613 முதல் டச்சுக்காரரின் கெல்ட்ரியா கோட்டை நின்ற ஊர் அது. அவள் மகன் வழியாகவே ஸ்னைமன் குடும்பம் கிளைத்தது. அவளுடைய வாழ்வைத் தேவாலய, நீதிமன்றப் பதிவுகள் காட்டுகின்றன. எந்த வகை ஆவணமும் தனியே போதாது என்பதற்கும் அவளே சான்று.

பெயர்க் குழப்பத்துக்கும் மருந்து பல வகை ஆவணங்களைச் சேர்த்துப் படிப்பதே. இறப்புப் பட்டியலில் உள்ள தாயும் குழந்தையும் ஏலப் பதிவில் யாருக்கு, என்ன விலைக்குப் போனார்கள் என்று பார்க்கலாம். வாங்கியவர் இறந்தபோது எழுதிய பட்டியலில் அவர்களை மறுபடி தேடலாம். 1816க்குப் பிறகு அடிமைப் பதிவேடு வயதையும் பிறப்பையும் கைமாற்றத்தையும் சொல்லும். பெயர், தாய், வயது, எசமானர் என்ற நான்கும் பொருந்தினால் ஒரே ஆள் என்று துணியலாம். ஒன்று மட்டும் பொருந்தினால் துணியக் கூடாது. அடிமைநிலை தாய்வழியில் இறங்கியதால் தந்தையின் பெயர் பெரும்பாலும் இராது. அந்த வெற்றிடத்தை ஊகத்தால் நிரப்பாமல் விடுவதே நேர்மை. 1834 டிசம்பர் 1இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்து, நான்காண்டுக் கட்டாயப் பயிற்சிக்காலமும் 1838இல் முடிந்தபோது, விடுதலையானவர்களிடம் உயில் எழுதச் சொத்து அரிது. அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்று தம் முன்னோரைத் தேடினால், போக வேண்டிய இடம் வேறொருவரின் சாவுக்குப் பின் எழுதப்பட்ட பட்டியல்தான். அதிலும் முகப்பை விட்டு, மாடுகளுக்கும் வண்டிக்கும் அருகிலுள்ள வரிகள்.