ஏர் ஃபில்டருக்கு எண்ணெய் வந்த கதை

ஏர் ஃபில்டர் எண்ணெய் தடவினதா, காஞ்சதான்னு பைக்கர் நண்பர்கள் அடிக்கடி கேக்கறாங்க. (ஆயில் ஃபில்டர் வேற சமாச்சாரம் பாஸ், குழப்பிக்காதீங்க.) எது யாருக்காகப் பிறந்ததுன்னு பார்த்தாலே பாதி பதில் வந்துடும்.

கலிஃபோர்னியாவில ரிவர்சைட்னு ஒரு ஊர். அங்க பைக் கடை வச்சிருந்த கென் ஜான்சனும் நார்ம் மெக்டொனால்டும் 1960களில் பருத்தி வலைத்துணியை மடிச்சு, எண்ணெய் தடவி ஒரு ஃபில்டர் செஞ்சாங்க. கே அண்ட் என் பேர் வந்தது இப்படித்தான். புழுதியில ரேஸ் ஓட்டறவனுக்கு அது வரம். துணியோட கண் பெருசு, காத்து தாராளமா போகும். தூசியைப் பிடிக்கிறது பிசுபிசுப்புதான். எண்ணெய் குறைஞ்சா மண்ணு நேரா சிலிண்டருக்குத்தான்! ரேஸ்காரன் கழுவி, காயவச்சு, மறுபடி தடவுவான். நம்மில எத்தனை பேர் செய்வோம்? :-)

காகித ஃபில்டர் அந்த வேலையே வேணாம்கிறவங்களுக்கு. ஆனா ஹோண்டாவோட பல பைக்குகள்ல காகிதத்துலயே எண்ணெய் ஊறியிருக்கும். அதைக் கழுவவோ ஊதவோ கூடாது, மாத்தணும்னு மேனுவல்லயே இருக்கு. நம்ம மெக்கானிக் அண்ணன் கம்ப்ரசர்ல ஊதித்தான் தருவார். என் ஓட்டு கம்பெனி ஃபில்டருக்கே. அடுத்த சர்வீஸ்ல புதுசு போடச் சொல்லுங்க, பக்கத்துல நின்னு பாருங்க.