ஆட்டம் சமனானால்

போட்டி என்று வந்துவிட்டால் வென்றவர் யார் என்று அறியும் வரையில் மனம் அடங்குவதில்லை. ஆனால், இருதரப்பும் சமமாக நின்றுவிட்டால் என்ன செய்வது? இந்த எளிய கேள்விக்கு அமெரிக்க நாட்டின் உயர்நிலைப் பள்ளிகள் மாநிலத்துக்கு மாநிலம் வெவ்வேறு விடை கூறி வந்திருக்கின்றன. அவ்வேறுபாட்டின் வரலாறு அறியத்தக்கது.

அமெரிக்கர் கால்பந்து என்று வழங்குவது நாம் அறிந்த கால்பந்தாட்டம் அன்று. பக்கத்துக்குப் பதினொருவர் நின்று, முனை கூரிய பந்தைக் கையில் ஏந்தியும் எறிந்தும், 100 கஜ மைதானத்தில் எதிரியின் எல்லையைக் கடக்க முயல்வர். நான்கு முயற்சிகளுக்குள் 10 கஜம் முன்னேறினால் மேலும் நான்கு முயற்சிகள் கிட்டும். எல்லையைக் கடந்தால் 6 புள்ளிகள். கம்பங்களுக்கிடையே பந்தை உதைத்தால் 3 புள்ளிகள். பள்ளி ஆட்டத்தின் காலம் 48 நிமிடங்கள்.

அமெரிக்க அரசியலமைப்பு கல்வியைப் பற்றி யாதும் கூறவில்லை. கூறப்படாத அதிகாரங்கள் மாநிலங்களுக்கே உரியவை என்பது 1791-இல் வந்த பத்தாம் திருத்தம். ஆகவே பள்ளியும், அதன் விளையாட்டும் மாநிலங்களின் பொறுப்பாயின. 1920-இல் ஐந்து மாநிலச் சங்கங்கள் கூடித் தொடங்கிய கூட்டமைப்பு நாளடைவில் நாடு முழுவதும் பரவி, விதிநூலையும் வகுத்தது. ஆயினும், சமனான ஆட்டத்தை நீட்டுவதா, எவ்வாறு நீட்டுவது என்னும் முடிவை அது மாநிலங்களுக்கே விட்டுவிட்டது.

நெடுங்காலம் சமன் என்பது சமனாகவே ஏற்கப்பட்டது. 1966-இல் நோட்ரடேம், மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகங்கள் ஆடிய புகழ்பெற்ற ஆட்டம் 10-10 என்றே முடிந்தது. தொழில்முறை ஆட்டக்காரரோ, முதலில் புள்ளி பெறுபவரே வென்றவர் என்னும் வழியைக் கைக்கொண்டனர். 1958 டிசம்பர் 28-இல் பால்டிமோர் அணி நியூயார்க் அணியை 23-17 என்று வென்று வாகை சூடியது இவ்விதியால்தான். இதில் ஒரு குறை உண்டு. நாணயச் சுண்டலில் தோற்றவர் பந்தைத் தொடாமலே ஆட்டத்தையும் இழக்கக்கூடும்.

இக்குறைக்கு மருந்து கண்டது கான்சாஸ் மாநிலம். 1970-களின் தொடக்கத்தில் அங்கே தோன்றிய முறை இது: கடிகாரம் வேண்டாம், இரு அணிக்கும் எல்லையிலிருந்து 10 கஜத்தில் பந்தைக் கொடுத்து, நான்கு முயற்சிகள் அளிக்க வேண்டும். ஒருவர் முந்தும் வரை மீண்டும் மீண்டும் ஆட வேண்டும். கூட்டமைப்பு பரிந்துரைக்கும் முறையும் இவ்வாறு 10 கஜத்தில் தொடங்குவதே. கலிபோர்னியாவிலோ ஒரு காலத்தில் வேறொரு முறை இருந்தது. மைதானத்தின் நடுவில் பந்தை வைத்து, இரு அணியும் மாறி மாறி நான்கு முறை ஆடும். முடிவில் பந்து எவர் பாதியில் நிற்கிறதோ, அவருக்கு எதிரணி ஒரு புள்ளியால் வென்றதாகும்.

1996-இல் கல்லூரிகள் கான்சாஸ் கருத்தையே ஏற்று, தொடக்கத்தை 25 கஜத்துக்குத் தள்ளின. கல்லூரி விதிகளைப் பின்பற்றிய டெக்ஸாஸ் பள்ளிகளும் அவ்வாறே ஆடின. பதினைந்து கஜம் அற்பமன்று. 10 கஜத்தில் முயற்சி தவறினாலும் 27 கஜ உதை போதும். 25 கஜத்திலோ 42 கஜம் உதைக்க வேண்டும். மாணவன் கால்களுக்கு அது பெருந்தொலைவு. மேலும், தடுப்பவர் பந்தைக் கைப்பற்றினால் கூட்டமைப்பு முறையில் அந்த முறை அத்துடன் முடியும். கல்லூரி முறையில் அவர் அதனை ஏந்தி ஓடிப் புள்ளியும் பெறலாம்.

2010-இல் டெக்ஸாஸில் ஜாக்சன்வில், நாக்கடோசஸ் பள்ளிகள் பொருதியபோது பன்னிரண்டு முறை ஆட்டம் நீண்டு, 84-81 என்று முடிந்தது. காண்போர்க்கு அது விருந்து. ஆடிய சிறுவர்க்கோ உடலின் கடைசித் துளி வலிமையும் கேட்ட சோதனை. நெடுங்காலம் கல்லூரி விதிகளைக் கொண்டிருந்த மாசசூசெட்ஸ் 2019-இல் கூட்டமைப்பின் விதிகளுக்கு மாறியது.

எல்லைக்கோடு 10 கஜமா, 25 கஜமா என்பதில் மாநிலங்கள் மாறுபடலாம். ஆனால், இருவருக்கும் ஒரு வாய்ப்பு அளித்த பின்னரே ஒருவரைத் தோற்றவர் என்று கூற வேண்டும் என்னும் நெறியைப் பெரியவர்களுக்கும் கற்பித்தது பள்ளி மைதானம். அதுவே இவ்வரலாறு நமக்குத் தரும் பயன்.