தோற்பதற்கென்றே தொடுத்த வழக்கு: அமெரிக்க நிறப் பிரிவினைக்கு எதிரான மாறுபட்ட தீர்ப்புகள், 1883–1951

1950 நவம்பரில், அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்துச் சார்ல்ஸ்டன் நகரில், கூட்டாட்சி நீதிபதி ஜூலியஸ் வேட்டீஸ் வாரிங் தம்முன் வந்த வழக்கறிஞர் தர்குட் மார்ஷலிடம் ஒரு யோசனையை வைத்தார். கிளாரண்டன் மாவட்டத்துக் கறுப்பினப் பெற்றோர்களுக்காக மார்ஷல் கொண்டுவந்திருந்த வழக்கு, தங்கள் பிள்ளைகளின் பள்ளிகளை வெள்ளையர் பள்ளிகளுக்கு இணையாக்கித் தரும்படி கேட்டது. அதை விலக்கிக்கொண்டு, நிறம் பார்த்துப் பள்ளிகளைப் பிரித்து வைப்பதே அரசியலமைப்புக்கு முரணானது என்று நேரடியாக வழக்குத் தொடுங்கள் என்றார் வாரிங்.

முதல் வழக்கை அவர் ஒருவரே விசாரித்திருக்கலாம். பெற்றோருக்குச் சாதகமாகத் தீர்ப்பும் சொல்லியிருக்கலாம். மாநிலச் சட்டத்தின் செல்லுபடியையே கேள்வி கேட்கும் வழக்கு என்றால், அன்றைய நடைமுறைப்படி மூன்று நீதிபதிகள் அமர வேண்டும். மற்ற இருவரும் எந்தப் பக்கம் நிற்பார்கள் என்பதை வாரிங் நன்றாகவே அறிந்திருந்தார். இரண்டுக்கு ஒன்று என்று வழக்கு தோற்கும். ஆனால் அப்படித் தோற்ற வழக்கு இடையில் எங்கும் தேங்காமல் நேரே உச்ச நீதிமன்றத்துக்குப் போகும். மார்ஷல் தயங்கினார். கைக்கு எட்டிய வெற்றியை விட்டுவிட்டுத் தோல்வியைக் கேட்டு வாங்குவது எந்த வழக்கறிஞருக்கும் எளிதல்ல. பிறகு ஒப்புக்கொண்டார்.

இது ஒரு நீதிபதிக்குத் திடீரென்று தோன்றிய தந்திரம் அல்ல. அமெரிக்க நீதிமன்றங்களில் ஏறத்தாழ எழுபது ஆண்டுகளாக உருவாகிவந்த ஒரு போராட்ட முறையின் முதிர்ந்த வடிவம் அது. தோல்வி உறுதி என்று தெரிந்தபின், அந்தத் தோல்வியை எப்படிப் பதிவு செய்வது என்பதே அந்த முறையின் மையக் கேள்வி. அது வளர்ந்த வழியை இக்கட்டுரை பின்தொடர்கிறது. அந்த வழியில் யார் எவ்வளவு இழந்தார்கள் என்ற கணக்கையும் கூடவே பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. வரலாற்று நூல்கள் நீதிபதிகளின் துணிவைப் பேசும் அளவுக்கு அந்தக் கணக்கைப் பேசுவதில்லை.

தொடக்கம் 1883. உள்நாட்டுப் போர் முடிந்து அடிமை முறை ஒழிக்கப்பட்ட பிறகு, 1875இல் நாடாளுமன்றம் ஒரு குடியுரிமைச் சட்டம் இயற்றியது. விடுதி, நாடக அரங்கு, ரயில் ஆகியவற்றில் நிறம் பார்த்து ஒருவரை விலக்குவதை அது தடை செய்தது. எட்டே ஆண்டுகளில் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை முறித்துப் போட்டது. எட்டு நீதிபதிகள் ஒரு பக்கம். ஜான் மார்ஷல் ஹார்லன் மட்டும் மறுபக்கம். ஹார்லன் கென்டக்கி மாநிலத்தில் அடிமைகளை வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவர். போரில் வடக்கின் படையில் நின்றபோதும், அடிமை ஒழிப்புத் திருத்தத்தை எதிர்த்தவர். பிறகுதான் மனம் மாறினார். தெற்கத்திய நீதிபதி ஒருவரே தனித்து நின்றார் என்பது அன்று பலரைத் திகைக்க வைத்தது.

பெரும்பான்மையை மறுத்துத் தம் மாறுபட்ட தீர்ப்பை எழுத உட்கார்ந்த ஹார்லனுக்குப் பல நாள் எழுத்து ஓடவில்லை. கறுப்பின மனிதர் அமெரிக்கக் குடிமகனே ஆக முடியாது என்று 1857இல் ட்ரெட் ஸ்காட் வழக்கில் தீர்ப்பெழுதிய தலைமை நீதிபதி டேனி பயன்படுத்திய மைக்கூடு ஹார்லன் வீட்டில் ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. டேனியின் உறவுப் பெண்மணி ஒருவருக்கு அதைத் தந்துவிடுவதாகக் கணவர் வாக்குக் கொடுத்துவிட்டாரே என்று மனைவி மால்வினாதான் அதை மறைத்து வைத்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவர் தேவாலயத்துக்குப் போயிருந்தபோது, அதைத் துலக்கிப் புது மை ஊற்றி மேசைமேல் வைத்தார். அதன் பிறகு எழுத்து தடைபடவில்லை என்று தம் நினைவுக் குறிப்பில் மால்வினா பதிவு செய்திருக்கிறார். தீர்ப்பு வரலாற்றில் இப்படி ஒரு காட்சி அபூர்வம். எந்த மைக்கூட்டைத் தொட்டு ஓர் இனம் குடியுரிமைக்கு வெளியே தள்ளப்பட்டதோ, அந்த மைக்கூட்டைத் தொட்டே அதற்கு மறுப்பும் எழுதப்பட்டது.

ஆயினும் 1883இன் துணிவு ஒரு தனி மனிதரின் மனச்சான்று சார்ந்தது. தோல்வியை முன்பே கணித்து, அதற்கேற்பத் திட்டமிட்ட முதல் பெரும் முயற்சி நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் நடந்தது. ரயிலில் வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் தனித்தனிப் பெட்டி வேண்டும் என்று 1890இல் லூசியானா மாநிலம் சட்டம் கொண்டுவந்தது. அதை எதிர்க்க, பிரெஞ்சு பேசும் கலப்பினச் சமூகத்தின் முன்னணியினர் 1891இல் ‘குடிமக்கள் குழு’ அமைத்தார்கள். வழக்கறிஞரும் பத்திரிகையாளருமான லூயி மார்ட்டினே அதன் உயிர்நாடி. வழக்கை நடத்த அவர்கள் நாடியது ஆல்பியன் டூர்ஜே என்ற வெள்ளையரை. போரில் முதுகெலும்பில் காயம் பட்டவர். வட கரோலினாவில் நீதிபதியாக இருந்தபோது வெள்ளை இனவெறி அமைப்பான கூ க்ளக்ஸ் கிளானின் கொலை மிரட்டல்களைச் சந்தித்தவர். கட்டணம் ஒரு காசும் வேண்டாம் என்று ஏற்றுக்கொண்டார்.

1892 ஜூன் 7 அன்று ஹோமர் பிளெஸ்ஸி என்ற இளம் செருப்புத் தொழிலாளி முதல் வகுப்புச் சீட்டு வாங்கி, வெள்ளையர் பெட்டியில் ஏறி அமர்ந்தார். அவர் முன்னோரில் எட்டில் ஏழு பங்கு வெள்ளையர். பார்ப்பவர் கண்ணுக்கு நிறம் தெரியாது. நடத்துநர் கேட்க, தாம் யார் என்று சொன்னார். இடம் மாற மறுத்தார். கைது செய்வதற்கான தனியார் துப்பறிவாளரையும் குழுவே பணம் கொடுத்து ஏற்பாடு செய்திருந்தது. கூட்டம் கூடி அடித்துப்போட்டால் வழக்கே இல்லாமல் போய்விடும். வேறு குற்றம் சாட்டிச் சிறையில் தள்ளினாலும் பயனில்லை. இந்தச் சட்டத்தின் பேரில்தான் கைது நடக்க வேண்டும் என்பதில் அவர்கள் அவ்வளவு கவனமாக இருந்தார்கள்.

வழக்கு உச்ச நீதிமன்றம் போனதும் டூர்ஜே தலைகளை எண்ணினார். 1893இல் மார்ட்டினேக்கு எழுதிய கடிதத்தில், நீதிபதிகளில் ஒரே ஒருவர்தான் நம் பக்கம் என்று தெரிகிறது, நால்வர் எக்காலத்திலும் அசையப் போவதில்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். விசாரணையைத் தள்ளிப்போட்டுப் பொதுமக்கள் மனத்தை மாற்றிப் பார்க்கலாம் என்று முயன்றார். மனம் மாறவில்லை, தெற்கில் நிலைமை மேலும் கெட்டது. 1896 மே 18இல் தீர்ப்பு வந்தது. ஏழு பேர் எதிர்ப்பக்கம். ஒருவர் விசாரணையில் பங்கேற்கவில்லை. மறுபடியும் ஹார்லன் மட்டும் தனியாக. நீதிக்கு நிறம் பார்க்கும் கண் இருக்கக் கூடாது என்ற டூர்ஜேயின் வாதம், ஹார்லனின் மாறுபட்ட தீர்ப்பில் அரசியலமைப்பின் குணமாகவே உருவெடுத்தது. தோற்ற வழக்கறிஞரின் சொல் தோற்ற நீதிபதியின் எழுத்தில் தங்கிவிட்டது.

பெரும்பான்மைத் தீர்ப்பின் அடிப்படையை இங்கே நினைவுபடுத்த வேண்டும். மக்களிடையே நிலைபெற்ற பழக்கவழக்கத்தையும் மரபையும் கருதிச் சட்டமியற்ற மாநிலத்துக்கு உரிமை உண்டு என்றது அது. ‘வழக்கு’ என்ற நம் சொல்லுக்கு உலகத்து நடப்பு என்றும் பொருள், மன்றத்தில் நியாயம் கேட்பது என்றும் பொருள். பிளெஸ்ஸி தொடுத்த வழக்கு அந்த மற்ற வழக்கின்மேல்தான். நெடுநாள் நடந்துவருகிறது என்பதே நியாயம் ஆகிவிடுமா என்பதுதான் நியூ ஆர்லியன்ஸ் மக்கள் கேட்ட கேள்வி.

அன்றைய நாடு அந்தத் தீர்ப்பைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. நியூயார்க் டைம்ஸ் அதை ரயில்வேச் செய்திகளோடு சேர்த்துப் போட்டது. 1897 ஜனவரியில் பிளெஸ்ஸி குற்றத்தை ஒப்புக்கொண்டு 25 டாலர் அபராதம் கட்டினார். குழு தன்னைக் கலைத்துக்கொண்டது. ஆனால் தாங்கள் சரியான பக்கத்தில் நின்றதாகவே இன்னும் நம்புவதாக எழுதிவைத்துவிட்டுக் கலைந்தது. போரில் தோற்பதைவிடப் புறமுதுகு காட்டுவதையே இழிவாகக் கருதியது நம் புற மரபு. மார்பில் பட்ட புண்ணுக்கு விழுப்புண் என்று பெயரிட்டது. அந்தக் கடைசி அறிக்கையை அப்படி ஒரு விழுப்புண்ணாகவே நான் பார்க்கிறேன்.

ஹார்லனைச் சிலையாக்கி வணங்கவும் வேண்டியதில்லை. அதே 1896 தீர்ப்பில் சீனர்களைப் பற்றி இழிவாக எழுதியவர் அவர். ஜார்ஜியாவில் கறுப்பினப் பிள்ளைகளின் உயர்நிலைப் பள்ளியை மூடியதை எதிர்த்து வந்த வழக்கில், 1899இல், தலையிட மறுத்து நீதிமன்றத்தின் சார்பில் தீர்ப்பெழுதியவரும் அவரே. ஒரு மனிதரின் துணிவு ஒரு திசையில் வெளிச்சமும் மறு திசையில் இருட்டுமாக இருக்க முடியும். அவர் எழுதிய சொற்களைப் பின்வந்தவர்கள் அவரைவிட நேர்மையாகப் பயன்படுத்தினார்கள்.

தோல்வியைப் பதிவாக்கும் அதே துணிவு கீழ் நீதிமன்றம் ஒன்றிலும் வெளிப்பட்டது. 1931 மார்ச்சில் அலபாமா மாநிலத்தில் சரக்கு ரயில் ஒன்றிலிருந்து ஒன்பது கறுப்பின இளைஞர்கள் இறக்கப்பட்டு, இரண்டு வெள்ளைப் பெண்களைப் பாலியல் வன்முறை செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்டார்கள். இதுவே ஸ்காட்ஸ்பரோ வழக்கு. அவர்களில் ஹேவுட் பேட்டர்சனின் மறுவிசாரணை 1933இல் டிகேட்டர் நகரில் நீதிபதி ஜேம்ஸ் எட்வின் ஹோர்ட்டன் முன் நடந்தது. வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி மரண தண்டனை விதித்தது. அன்றைய அலபாமாவில் நீதிபதி பதவி தேர்தலில் வென்று பெறுவது. அடுத்த ஆண்டே தேர்தல். ஹோர்ட்டன் மருத்துவச் சாட்சியத்தையும் வாக்குமூலத்தில் இருந்த முரண்களையும் ஒவ்வொன்றாக எடுத்துவைத்து, ஜூன் 22 அன்று ஜூரியின் முடிவை ரத்து செய்தார். இளைஞரை அவரால் காப்பாற்ற முடியவில்லை. வழக்கு வேறு நீதிபதியிடம் போனது. ஆண்டு முடிவதற்குள் மீண்டும் மரண தண்டனை விழுந்தது. ஹோர்ட்டன் 1934 தேர்தலில் தோற்றார்; அதன் பிறகு நீதிபதி நாற்காலியில் அமரவேயில்லை. ஆனால் சாட்சியங்களை வரிசையாகப் பிரித்துக்காட்டிய அந்த நீண்ட ஆணை நிலைத்தது. குற்றச்சாட்டின் பொய்மையை விளக்க இன்றும் ஆய்வாளர்கள் அதைத்தான் எடுக்கிறார்கள்.

இனி வாரிங்குக்குத் திரும்பலாம். எட்டுத் தலைமுறையாகச் சார்ல்ஸ்டனில் வாழ்ந்த குடும்பம். தந்தை தெற்கின் படையில் இருந்தவர். அறுபது வயது கடந்து நீதிபதியான அவரை மாற்றியது 1946இன் ஒரு வழக்கு. ராணுவத்திலிருந்து விடுவிக்கப்பட்டு, சீருடை கலையாமல் வீட்டுக்குப் பேருந்தில் போய்க்கொண்டிருந்த சார்ஜென்ட் ஐசக் வுட்டர்டை ஒரு சிற்றூர்க் காவல் தலைவர் அடித்து இரு கண்களையும் குருடாக்கினார். வாரிங் முன் நடந்த விசாரணையில் ஜூரி அரை மணி நேரத்துக்குள் அந்தக் காவல் தலைவரை விடுதலை செய்தது. அந்த நாள் தம்மை உலுக்கியதாக வாரிங் பின்னாளில் சொன்னார். மறு ஆண்டில் கறுப்பினத்தவருக்கு முதனிலைத் தேர்தலில் வாக்குரிமையைத் திறந்துவிட்டார். உறவும் நட்பும் முகம் திருப்பிக்கொண்டன. வீட்டருகே சிலுவை எரிக்கப்பட்டது. 1950 அக்டோபரில் வீட்டின்மேல் கற்கள் விழுந்தன. மார்ஷலிடம் அவர் யோசனை சொன்னது அதற்கு அடுத்த மாதம்.

ஆனால் அந்த யோசனைக்கு வழக்கு எங்கிருந்து வந்தது? கிளாரண்டனில் அப்போது வெள்ளைப் பிள்ளை ஒன்றுக்கு ஆண்டுக்கு 179 டாலரும் கறுப்பினப் பிள்ளை ஒன்றுக்கு 43 டாலரும் செலவிட்டார்கள். வெள்ளையர் பள்ளிகளுக்கு 30 பேருந்துகள். மற்றவர்களுக்கு ஒன்றுகூட இல்லை. கறுப்பினப் பெற்றோர் முதலில் கேட்டது ஒரே ஒரு பேருந்து. போதகர் ஜோசப் டிலெய்ன் தூண்ட, லீவை பியர்சன் என்ற விவசாயி 1948இல் வழக்குப் போட்டார். அவர் நிலம் எந்தப் பள்ளி வட்டத்தில் சேரும் என்ற எல்லைத் தகராறில் அது தள்ளுபடியானது. கடைகள் அவருக்குக் கடன் மறுத்தன. விளைந்ததை அறுக்க அறுவடை இயந்திரம் வாடகைக்குத் தர ஆளில்லை. அவர் பட்டதைப் பார்த்த பிறகும், 1949இல் ஊர் மக்கள் புதிய மனுவில் கையெழுத்திட்டார்கள். அகர வரிசையில் பெயர் முன்னால் வந்ததால் பெட்ரோல் நிலைய ஊழியர் ஹாரி பிரிக்ஸின் பெயரே வழக்கின் பெயராயிற்று. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் முதலாளி அவருக்குச் சிகரெட் கட்டு ஒன்றைப் பரிசாகக் கொடுத்து வேலையை விட்டு நிறுத்தினார். விடுதியில் அறை சுத்தம் செய்துவந்த அவர் மனைவி எலிசாவுக்கும் வேலை போயிற்று. டிலெய்னின் வீடு 1951இல் எரிந்தது. ஊர் எல்லைக்கு வெளியே இருக்கிறது என்று தீயணைப்புப் படை அணைக்கவில்லை.

துணிவு என்ற சொல்லை நான் முதலில் இவர்களுக்குத்தான் தருவேன். வாரிங் இழந்தது விருந்து அழைப்புகளையும் சொந்த ஊரின் நிம்மதியையும். அவருக்கு ஆயுள்கால நியமனமும் ஓய்வூதியமும் இருந்தன. மனுவில் கையெழுத்திட்டவர்களுக்கு மறுநாள் மாவு வாங்கக் கடை இல்லை.

1951 மே இறுதியில் விசாரணை நடந்தபோது, விடியும் முன்பே கிளாரண்டனிலிருந்து வண்டிகளில் கிளம்பி வந்து நீதிமன்றப் படிகளில் அவர்கள் வரிசை கட்டி நின்றார்கள். ஜூனில் தீர்ப்பு எதிர்பார்த்தபடியே இரண்டுக்கு ஒன்று. வாரிங்கின் மாறுபட்ட தீர்ப்பு, பிரித்து வைப்பது தன்னளவிலேயே சமமின்மை என்றது. 1954 மே 17இல் உச்ச நீதிமன்றம் பிரவுன் வழக்கில் ஒன்பது பேரும் ஒருமனதாகப் பள்ளிப் பிரிவினையைச் செல்லாததாக்கியபோது, அதன் மையக் கருத்து ஏறக்குறைய இதுதான். பிரிக்ஸ் வழக்கும் அதில் ஒன்றாக இணைக்கப்பட்டிருந்தது. மனம் தளர்ந்த நாட்களில் மார்ஷல் ஹார்லனின் 1896 தீர்ப்பை எடுத்து உரக்கப் படிப்பார் என்று அவருடன் பணியாற்றிய கான்ஸ்டன்ஸ் பேக்கர் மோட்லி நினைவுகூர்ந்திருக்கிறார்.

வாரிங் 1952இல் ஓய்வு பெற்று நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்தார். 1968 ஜனவரியில் அவர் உடல் சார்ல்ஸ்டனுக்கு வந்தபோது, கல்லறைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். நகரத்து வெள்ளையர் விரல்விட்டு எண்ணும் அளவே. டிலெய்ன் 1955இல் உயிர் தப்பி மாநிலத்தை விட்டே போனார். பிரிக்ஸ் வேலை தேடி ஃபுளோரிடாவுக்குப் போனார். கிளாரண்டனின் வெள்ளையர் பள்ளிக்குள் முதல் கறுப்பினப் பிள்ளைகள் நுழைந்தது 1965இல். 1949 மனுவில் பெயர் இருந்த மிகச் சிறிய குழந்தையும் அதற்குள் பள்ளிக்கூட வயதைத் தாண்டியிருந்தது.