காவிரிக் கரையில் நோன்பும் நலமும்

கோவலனும் கண்ணகியும் மதுரைக்குப் புறப்பட்டபோது அவர்களுக்கு வழித்துணையாக வந்தவர் கவுந்தியடிகள் என்னும் சமணத் துறவியார் என்பதை நம்மவர் யாவரும் அறிவர். பிச்சைப் பாத்திரமும் தோள்மேல் ஒரு துணியும் கையில் மயிற்பீலியுமே அவர்தம் உடைமைகள். வழியின் அருமையைக் கூறுங்கால் அவர் கள்வரைக் குறித்தோ விலங்குகளைக் குறித்தோ அஞ்சினாரல்லர். நீர்க்கரையில் நடக்கையில் நண்டும் நத்தையும் நம் காலடியில் சிக்கி நோகுமே என்றுதான் அஞ்சினார். பின்னர் மூவரும் காவிரிக் கரைவழியே நடந்து, ஆற்றிடைக்குறையாகிய அரங்கத்தில் சாரணர் அறவுரை கேட்டு, ஓடமேறித் தென்கரை சேர்ந்து, உறையூரை அடைந்தனர். இன்று ஸ்ரீரங்கம் என்றும் திருச்சிராப்பள்ளி என்றும் நாம் வழங்கும் நிலப்பகுதி அதுவே.

நோயின்றி நெடுநாள் வாழ்வதற்கு நம் முன்னோரின் அன்றாட வழக்கங்களைச் சான்று காட்டிப் பேசுவது இந்நாளில் பெருகியுள்ளது. அவ்வழக்கங்கள் எதன்பொருட்டு எழுந்தன என்பதை இந்நிலத்து வரலாற்றோடு சேர்த்துப் பார்ப்பது நலம்.

திருச்சி மலைக்கோட்டைக் குன்றில் இயற்கைக் குகையொன்றும் அதில் கற்படுக்கைகளும் உள்ளன. அங்கே 'சிரா' என்னும் துறவியின் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. சிராப்பள்ளி என்னும் ஊர்ப்பெயரே அவரால் வந்தது என்பர் அறிஞர் சிலர். தெற்கே புதுக்கோட்டையை அடுத்த சித்தன்னவாசலில், ஏழடிப்பட்டம் என்னும் குகைத்தளத்தில் 17 படுக்கைகள் வழவழப்பாகச் செதுக்கப்பட்டுள்ளன. தலைப்பக்கம் மட்டும் தலையணைபோல் சற்றே உயர்ந்திருக்கும். அக்கல்மீது துயின்றவர்கள் உடலை வளர்க்க விரும்பியவர்கள் அல்லர். கவுந்தியடிகளும் மதுரையில் நிகழ்ந்தது கேட்டு உண்ணா நோன்பால் உயிர் நீத்தார் என்றே காப்பியம் கூறுகிறது. ஆயினும் அத்துறவியர் இல்லறத்தார்க்கு வகுத்தளித்த சிறு நோன்புகள் உடலுக்கும் அரணாயின.

அவற்றுள் ஒன்று நீரை வடித்துப் பருகுதல். நம் வீடுகளில் குடத்தின் வாயில் வெள்ளைத் துணி கட்டி நீர் வார்க்கும் பாட்டியரை நம்முள் பலர் கண்டிருப்போம். நரம்புச்சிலந்தி என்னும் கொடிய நோய், குளத்து நீரிலுள்ள நுண்ணிய உயிரிகள் வழியே மனிதருள் புகுவது. அதற்கு மருந்துமில்லை, தடுப்பூசியுமில்லை. நீரைத் துணியில் வடித்துக் குடிக்கக் கற்பித்ததும் நீர்நிலைகளைப் பேணியதுமே அதனை வென்ற முறைகள். இந்தியாவில் இறுதி நோயாளி 1996இல் காணப்பட்டார். 2000இல் உலக நலவாழ்வு நிறுவனம் நம் நாட்டை அந்நோயற்ற நாடென அறிவித்தது. வங்கதேசச் சிற்றூர்களில் பழம்புடைவைத் துணியை நான்கு மடிப்புக்குக் குறையாமல் மடித்து நீர் வடித்தபோது வாந்திபேதி நோய் 48 விழுக்காடு குறைந்ததென 2003இல் வெளிவந்த ஆய்வு காட்டியது.

ஆனால் நம் நோன்பின் கருத்து வேறு. வடித்தபின் துணியை எடுத்த நீர்நிலையிலேயே அலசிவிட வேண்டும் என்பது விதி. துணியில் தங்கிய சிற்றுயிர் தன் இருப்பிடம் திரும்ப வேண்டும் என்பதே அதன் நோக்கம். நம் உயிர் காக்கப்பட்டது அதன் உடன்விளைவு.

இரவுண்ணாமையும் இத்தகையதே. விளக்கொளியில் வந்து வீழும் சிற்றுயிர்கள் மடியலாகாது என்பதற்காக, பொழுது சாயுமுன் உண்டு முடித்தனர். உயிரினங்களின் உடலுக்குள் இயங்கும் நாட்கடிகையின் அமைப்பை விளக்கிய அறிஞர் மூவர்க்கு 2017இல் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பெற்றது. காலையில் உண்ட அதே உணவை இரவில் உண்டால் குருதியில் சர்க்கரை மிகுதியாக ஏறுகிறது என்பதை இன்று மருத்துவர் உணர்ந்துள்ளனர். நீரிழிவு பெருகிவரும் நம் குடும்பங்களில் இது எளிதாகத் தள்ளத்தக்க செய்தியன்று.

நோய் வராமல் காப்பதோடு, வந்தவர்க்கு மருந்தளிப்பதையும் நம் நெறி அறமாகக் கொண்டது. ஆகாரம், அபயம், ஔடதம், சாத்திரம் என்னும் நான்கு தானங்களுள் மருந்தும் ஒன்று. சமணராகிய காரியாசான் தம் அறநூலுக்குச் சிறுபஞ்சமூலம் என்று பெயரிட்டார்; கண்டங்கத்திரி முதல் நெருஞ்சி ஈறாக ஐந்து வேர்களால் ஆகும் மருந்தின் பெயர் அது. கணிமேதாவியாரின் ஏலாதியும் மருந்தின் பெயர் பெற்றதே. இவ்வறம் ஒரு சமயத்தார்க்கே உரியதாக நின்றுவிடவில்லை. சாரணர் அறமுரைத்த அதே அரங்கத்தில், 13ஆம் நூற்றாண்டில் ஹொய்சளர் ஆட்சிக்காலத்தே வைணவப் பெரியோர் ஆரோக்கியசாலை ஒன்றை நடத்தினர். படையெடுப்பில் அது சிதைந்தபின், 1493இல் கருடவாகன பட்டர் அதனைப் புதுப்பித்துத் தன்வந்திரியை எழுந்தருளச் செய்தார் எனக் கோயிற் கல்வெட்டு கூறுகிறது.

இன்று அலுவலகமும் பயணமும் நம் பிள்ளைகளின் இரவுணவைப் பத்து மணிக்குத் தள்ளிவிட்டன. அவர்களைத் திருப்ப விரும்பும் நாம், "உடம்புக்கு நல்லது" என்ற ஒன்றையே சொல்லி வருகிறோம். அது உண்மையே, ஆனால் அது மட்டுமே காரணமாயின், வேறொரு மருந்து கிடைத்த நாளில் நோன்பு கைவிடப்படும். நண்டும் நத்தையும் நோகலாகாதென்று நடந்த அம்மையாரின் கதையையும் சேர்த்துச் சொல்வோம். வரும் விடுமுறையில் பிள்ளைகளைச் சிராப்பள்ளிக் குன்றின்மேல் அழைத்துச் சென்று, அங்கிருந்து காவிரியையும் அரங்கத்தையும் காட்டுவோம். பொழுது சாயுமுன் இறங்கிவந்து, அவர்களோடு அமர்ந்து உண்போம்.