சாதி இல்லாத தெருவில் எம்.எஸ்.எஸ்.பாண்டியனை வாசிப்பது

"இங்கெல்லாம் யாருக்கா சாதி பாக்குறாங்க? இது மெட்ராஸ்."

தண்டையார்பேட்டையில் மாலையில் கூடும் எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஒரு கல்லூரித் தம்பி சொன்னான். பக்கத்திலிருந்த தங்கை உடனே கேட்டாள்: "அப்போ வாடகைக்கு வீடு கேட்டுப் போனா 'நான்வெஜ் சாப்பிடுவீங்களா'ன்னு எதுக்குக் கேக்குறாங்க?" எல்லோரும் சிரித்தோம். பிறகு யாரும் சிரிக்கவில்லை.

இந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் எம்.எஸ்.எஸ்.பாண்டியனிடம் போனோம். 2002இல் 'எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி' இதழில், நவீனத்துவத்துக்கு ஓரடி வெளியே நிற்பது பற்றி அவர் ஒரு கட்டுரை எழுதினார். ஆர்.கே.நாராயணின் தன்வரலாற்றில் சாதி ஏறக்குறைய வரவே இல்லை என்பதிலிருந்து தொடங்குகிறார். ஆதிக்க சாதியினர் சாதியை வேறு பெயர்களில் பேச முடியும். ஒடுக்கப்பட்டவர்களோ சாதியைச் சாதி என்றே சொல்லியாக வேண்டியிருக்கிறது. அப்படிச் சொன்னவுடன் 'நீதான் சாதி பேசுகிறாய்' என்ற பழியும் அவர்கள்மேல் விழுகிறது. நம் ஊரில் அந்த வேறு பெயர்கள் என்னென்ன? சாப்பாடு, சுத்தம், ஏரியா, 'டீசன்ட் ஃபேமிலி'. "சாதி இல்லை" என்று சொல்ல முடிவதே சிலருக்கு மட்டும் கிடைத்த வசதி.

பாண்டியன் பொருளாதாரம் படித்து வரலாற்றுக்கு வந்தவர். நாஞ்சில்நாட்டு வேளாண் மாற்றங்களை ஆராய்ந்தார். சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தில் பல ஆண்டுகள் பணியாற்றினார். பின்னர் டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியரானார். விளிம்புநிலை ஆய்வுகள் வரிசையின் 12ஆம் தொகுதியின் (2005) பதிப்பாசிரியர்களில் ஒருவர். 2014 நவம்பர் 10 அன்று காலமானார்.

வடசென்னைக்காரர்கள் முதலில் படிக்க வேண்டியது, எம்.ஜி.ஆர். பற்றி அவர் 1992இல் எழுதிய நூல். தமிழில் 'பிம்பச் சிறை' என்று கிடைக்கிறது. திரையில் எம்.ஜி.ஆர். மீனவர், ரிக்‌ஷாக்காரர், தொழிலாளி. ஆட்சியிலோ வரிச்சுமை ஏழைகள் தலையில். பலன் வசதி படைத்தவர்களுக்கு. பிறகு ஏன் ஏழைகள் அவரை அப்படிக் கொண்டாடினார்கள்? 'ஜனங்க ஏமாளிங்க' என்ற சோம்பேறிப் பதிலைப் பாண்டியன் ஏற்கவில்லை. நாட்டுப்புறக் கதைப்பாடல்களின் வீரர்கள், அநியாயத்தைத் தட்டிக்கேட்கும் ஆசை, படிப்பின்மீதான ஏக்கம் என்று மக்களிடம் ஏற்கெனவே இருந்தவற்றை எடுத்துத்தான் அந்தப் பிம்பம் கட்டப்பட்டது என்கிறார். நம் சொந்தக் கனவே நமக்குச் சிறையானது எப்படி என்பதுதான் நூலின் கேள்வி. இன்றைய கட்-அவுட்டுகளுக்குக் கீழேயும் இதைக் கேட்கலாம்.

2007இல் வந்த 'பிராமின் அண்ட் நான்-பிராமின்' நூலில், 'பிராமணரல்லாதார்' என்பது இயற்கையான அடையாளம் அல்ல, காலனியக் காலத்தில் உருவாகி வந்த அரசியல் அடையாளம் என்று காட்டினார். அயோத்திதாசரையும் மறைமலையடிகளையும் அருகருகே வைத்து வாசித்தார்.

இங்குதான் நமக்கு அவரோடு ஒரு வழக்கு இருக்கிறது. திராவிட இயக்கத்தின் ஜனநாயகப் பங்களிப்பை அவர் வலுவாக முன்வைத்தவர். அந்தப் பங்களிப்பு உண்மைதான். ஆனால் தண்டையார்பேட்டைக்கு மேற்கே சில கிலோமீட்டரில் பெரம்பூர் பி அண்ட் சி ஆலை இருந்தது. 1921 வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் பலர் வேலைக்குத் திரும்ப, புளியந்தோப்பில் கலவரம் வெடித்து, குடிசைகள் எரிந்தன. ஆதிதிராவிடர்களுக்கு அரசு தரும் சலுகைதான் காரணம் என்று நீதிக்கட்சித் தலைவர்கள் குற்றம்சாட்டினார்கள். 1923இல் எம்.சி.ராஜா அக்கட்சியிலிருந்து வெளியேறினார். 'பிராமணரல்லாதார்' என்ற குடைக்குள் இடைநிலைச் சாதிகளும் நாமும் ஒன்றாக நின்றோமா? அடையாளங்கள் உருவாக்கப்படுபவை என்று சொல்லித் தந்தவரே பாண்டியன்தான். அப்படி உருவாகும்போது யார் வெளியே தள்ளப்பட்டார்கள் என்று கேட்பது அவருடைய முறையை அவருக்கே பொருத்திப் பார்ப்பதுதான்.

கருத்து மாறுபடுவதற்கு அவரும் அஞ்சியவரல்ல. 2012இல் என்.சி.இ.ஆர்.டி. பாடநூலிலிருந்த அம்பேத்கர் கார்ட்டூன் சர்ச்சையானபோது, சுகதேவ் தோரட் தலைமையில் அமைந்த குழு பல கார்ட்டூன்களை நீக்கச் சொன்னது. அந்தக் குழுவில் மாற்றுக் கருத்தைப் பதிவுசெய்தவர் பாண்டியன். அன்று எனக்கு அவர்மீது கோபம். அந்தக் கார்ட்டூன் இன்றும் எனக்கு வலிக்கிறது. ஆனால் தனியாக நின்று மறுக்கும் துணிவை நம் இயக்கங்களுக்குள் நாம் எவ்வளவு அனுமதிக்கிறோம் என்றும் யோசிக்கிறேன்.

"இங்க யாரு சாதி பாக்குறாங்க" என்று கேட்ட தம்பியின் தாத்தாவும், அவருடைய அப்பாவும் பி அண்ட் சி ஆலையில் வேலை பார்த்தவர்கள். "1921 பத்தி வீட்ல ஏதாவது சொல்லியிருக்காங்களாடா?" என்றேன்.

"அதெல்லாம் வீட்ல பேச மாட்டாங்கக்கா."

அடுத்த வாரம் தாத்தாவிடம் கேட்டு எழுதிவருவதாகச் சொல்லியிருக்கிறான். நீங்களும் உங்கள் வீட்டில் கேளுங்கள், தோழர்களே. எழுதி வையுங்கள்.