காற்றும் காணியும்: ஸ்கொத்லாந்துத் தீவுகளின் சமுதாய நிதியங்கள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1973 ஆம் ஆண்டில் ஜோன் மக்ராத் எழுதிய நாடகமொன்று ஸ்கொத்லாந்தின் மலைநாட்டுக் கிராமங்களிலே, சிறு மண்டபங்களில், பாட்டும் கூத்தும் கலந்த வடிவிலே மேடையேறியது. ‘செவியட் ஆடு, கலைமான், கரிய கரிய எண்ணெய்’ என்பது அதன் பெயர். மூன்று பொருள்களும் மூன்று காலகட்டங்களைச் சுட்டுவன. ஆட்டுப் பண்ணைகளுக்காகக் குடியானவர் துரத்தப்பட்டமை முதலாவது. மலைகள் செல்வரின் வேட்டைக்களமாக ஒதுக்கப்பட்டமை இரண்டாவது. வடகடல் எண்ணெய் பெருங் கம்பனிகளின் கைக்குச் சென்றமை மூன்றாவது. ஒவ்வொன்றிலும் வளம் ஊரிலே இருந்தது. ஆதாயம் ஊருக்கு வெளியே சென்றது. இவ்வரிசையில் நான்காவது பொருளாக இன்று காற்று வந்து சேர்ந்துள்ளது. அது முந்திய மூன்றின் தொடர்ச்சியா, அன்றி அவற்றினின்றும் ஒரு முறிவா என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராய முற்படும் வினாவாகும்.

காற்றாலையின் இலாபத்தைக் கொண்டு ஊரை மேம்படுத்தும் சமுதாய நிதியங்கள் பெரும்பாலும் தொழில்நுட்பத்தின் வெற்றியாக அல்லது கூட்டு முயற்சியின் சிறப்பாகவே எடுத்துரைக்கப்படுகின்றன. இவ்விரு நோக்குகளும் உடைமை பற்றிய வினாவை மறைத்துவிடுகின்றன. காற்று எவருக்கும் உடைமையன்று. ஆனால் காற்றாலை நிற்கும் நிலம் எவருக்கோ உடைமையாகும். காற்றை மின்சாரமாக்குபவன் நிலவுடைமையாளனுக்கு வாரம் செலுத்தியே தீரவேண்டும். ஆகவே காற்றின் வரலாற்றை நாம் காணியின் வரலாற்றிலிருந்தே தொடங்க வேண்டியுள்ளது.

அவ்வரலாற்றின் முதற் பெரும் ஆய்வாளர்களுள் ஒருவர் கார்ல் மார்க்ஸ் ஆவார். ‘மூலதனம்’ முதலாம் பாகத்தில், சதர்லாந்துச் சீமாட்டியின் நிலத்திலிருந்து 1814 க்கும் 1820 க்கும் இடையில் ஏறத்தாழ 3,000 குடும்பங்களைச் சேர்ந்த 15,000 மக்கள் வெளியேற்றப்பட்டதை அவர் விவரிக்கின்றார். 1825 அளவில் அம்மக்களின் இடத்தில் 131,000 ஆடுகள் நின்றன. கடற்கரையோரத்திற்குத் தள்ளப்பட்டோருக்குக் குடும்பமொன்றுக்கு இரண்டு ஏக்கர் தரிசு வழங்கப்பட்டது. அதற்கும் வாரம் அறவிடப்பட்டது. குலத்தின் பொதுநிலம் தனியொருவரின் சொத்தாக மாறிய இம்மாற்றத்தையே மார்க்ஸ் ஆதிமூலதனத் திரட்சியின் அப்பட்டமான எடுத்துக்காட்டுகளுள் ஒன்றாகக் கண்டார்.

அதே நூற்றாண்டில் அதே ஸ்கொத்லாந்தினின்றும் இலங்கையின் மலைகளுக்கும் தோட்டத்துரைமார் வந்தனர் என்பது இங்கு நினைவுகூரற்பாலது. 1867 இல் லூல்கந்துரவில் தேயிலைச் செய்கையைத் தொடக்கிய ஜேம்ஸ் டெயிலர் அவர்களுள் ஒருவர். 1840 ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம் கண்டியக் கிராமத்தவரின் உறுதியற்ற நிலங்களை அரசுடைமையாக்கித் தோட்டங்களுக்கு வழிவிட்டது. அத்தோட்டங்களிலே உழைக்கத் தமிழகத்து வறியோர் கொண்டுவரப்பட்டனர். இரு நிகழ்வுகளும் ஒரே பொருளாதார அமைப்பின் இரு முகங்கள் எனலாம்.

மலைநாட்டுக் குடியானவர் வாளாவிருக்கவில்லை. 1882 இல் ஸ்கைத் தீவின் பிரேஸ் என்னுமிடத்தில் அவர்கள் பொலிசாரை எதிர்த்து நின்றனர். 1883 இல் விசாரணைக் குழுவொன்று நியமிக்கப்பட்டது. 1886 ஆம் ஆண்டின் சட்டம் குடியிருப்புப் பாதுகாப்பையும் நியாய வாரத்தையும் வாரிசுரிமையையும் வழங்கியது. ஆயினும் நிலம் பிரபுவிடமே இருந்தது. லூயிஸ் தீவை 1844 இல் வாங்கிய ஜேம்ஸ் மதிசனின் செல்வம், இந்திய அபினியைச் சீனத்தில் விற்றுச் சேர்த்தது. 1918 இல் அத்தீவு சவர்க்கார உற்பத்தியாளரான லெவர்கியூம் பிரபுவின் உடைமையாயிற்று. போரிலிருந்து மீண்ட வீரர்கள் 1919 இல் அவரது பண்ணைகளுள் புகுந்து நிலங்களைக் கைப்பற்றினர். ஈற்றில், 1923 இல் தீவை மக்களுக்கே கொடையாக வழங்க அவர் முன்வந்தார். ஸ்டோர்ணோவே வட்டாரம் மட்டுமே அதனை ஏற்றது. உடைமையுடன் வரிச்சுமையும் வந்து சேரும் என்ற அச்சம் ஏனையோர் மறுத்தமைக்கு ஒரு காரணம். இவ்வாறு தோன்றிய ஸ்டோர்ணோவே நிதியம், மக்களால் தெரிவுசெய்யப்படும் பொறுப்பாளரைக் கொண்டு இன்றும் இயங்குகின்றது.

இப்பின்னணியிலேயே கீயாத் தீவின் அனுபவத்தை நாம் நோக்க வேண்டும். ஸ்கொத்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் உள்ள இச்சிறு தீவை 1944 இல் வாங்கியவர், நம்மவர் அறிந்த ஹோர்லிக்ஸ் மாப்பானத்தின் குடும்பத்தைச் சேர்ந்த சேர் ஜேம்ஸ் ஹோர்லிக். அவருக்குப் பின் தீவு கைமாறிக் கைமாறிச் சென்றது. 2001 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் அங்கு 110 பேரே இருந்தனர். வீடுகளிற் பெரும்பாலானவை வாழத் தகுந்த தரத்திற்குக் கீழ்ப்பட்டவை. வாடகைக் குடியிருப்பாளர் வீட்டைத் திருத்துதற்கும் பிரபுவின் தயவை நாடவேண்டியிருந்தது. அவ்வாண்டு தீவு மீண்டும் விற்பனைக்கு வந்தபோது மக்கள் தாமே வாங்கத் துணிந்தனர். 2002 மார்ச் 15 ஆம் திகதி, அரசுசார் நிதிகளின் துணையோடு, 40 இலட்சம் பவுணுக்குத் தீவு அவர்களின் நிதியத்திற்கு உரிமையாயிற்று. அதில் 10 இலட்சம் பவுண் கடன். பிரபுவின் மாளிகையை விற்றும் நிதி சேர்த்தும் இரண்டே ஆண்டுகளில் அக்கடனை அடைத்தனர்.

2005 இல் மூன்று காற்றாலைகள் அங்கு இயங்கத் தொடங்கின. ஒவ்வொன்றும் 225 கிலோவாற்று வலுவுடையது. அவை இங்கிலாந்தின் கம்பிரியாவில் ஏற்கெனவே பயன்பட்டுக் கழற்றப்பட்டவை. பெருமுதல் கைவிட்ட பொறிகளைக் கொண்டே இச்சிறு சமுதாயம் தன் தொழிலைத் தொடங்கியது. தேசிய மின்வலையமைப்புடன் இணைந்த, சமுதாய உடைமையான முதலாவது காற்றாலைத் தொகுதியாக ஸ்கொத்லாந்தில் இது அமைந்தது. 2013 இல் நான்காவது ஆலை சேர்ந்தது. மின்சாரத்தை விற்றுக் கடன்தவணை போக எஞ்சிய இலாபம் வீடுகளைத் திருத்துவதற்குப் பயன்பட்டது. 2011 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பிற் சனத்தொகை 163 ஆக உயர்ந்திருந்தது.

உடைமைக்கும் உபகாரத்திற்கும் இடையிலான வேறுபாட்டை இங்கு வலியுறுத்த விரும்புகின்றோம். தனியார் கம்பனியொன்று காற்றாலை நிறுவுமிடத்து, அயலூர்களுக்கு மெகாவாற்று ஒன்றுக்கு ஆண்டுதோறும் 5,000 பவுண் வழங்கவேண்டும் என ஸ்கொத்லாந்து அரசின் வழிகாட்டல் 2014 இல் கூறியது. இது சட்டக் கடப்பாடன்று, பரிந்துரை மட்டுமே. இக்கணக்கின்படி 9 மெகாவாற்றுக்கு 45,000 பவுண் கிடைக்கும். லூயிஸில் பொயின்ற் அன்ட் சான்ட்விக் நிதியம் 2015 இல் இயக்கிய மூன்று காற்றாலைகளின் வலு இதுவேயாகும். அங்கோ இலாபம் முழுவதும் சமுதாயத்திற்கே உரியது. அப்பணம் இறக்கும் நிலையிலுள்ளோரைப் பராமரிக்கும் இல்லம் முதலியவற்றிற்குச் செல்கின்றது. உபகாரத்தைப் பெறுபவன் நன்றி கூறுகின்றான். உடைமையாளன் முடிவு எடுக்கின்றான்.

எனினும் சமுதாய உடைமை என்ற பெயர் முரண்பாடுகளைத் தானாகவே தீர்ப்பதில்லை. மேற்கூறிய ஸ்டோர்ணோவே நிதியம் தன் நிலத்தைப் பெருங் காற்றாலைத் திட்டமொன்றிற்குக் குத்தகைக்கு வழங்கியது. பிரெஞ்சு மின்கம்பனி அதன் பங்காளிகளுள் ஒன்றாயிருந்தது. தீவைப் பெருநிலத்துடன் இணைக்கும் கடலடி மின்வடத்திற்குப் பெருந்திட்டமே ஆதாரமாகும் என்பது நிதியத்தின் வாதம். அது பொருளற்ற வாதமன்று. ஆனால் தம் பொது மேய்ச்சல் நிலத்தில் தாமே காற்றாலை அமைக்க விழைந்த நான்கு ஊர்களின் குடியானவர் அதனை எதிர்த்தனர். வழக்கு நிலநீதிமன்றம் வரை சென்றது. பிரபுவை எதிர்த்தோரின் வழித்தோன்றல்கள் இப்பொழுது தம் நிதியத்தையே எதிர்த்து நின்றனர். நிலத்தின் உரிமை சமுதாயத்தினது என்பது மட்டும் போதாது. அந்நிலத்திலே உழைப்போரின் குரலுக்கு அதில் என்ன இடம் என்பதும் கேட்கப்பட வேண்டும்.

சந்தையின் பிடியும் அகலவில்லை. சிறு உற்பத்தியாளருக்கு நிச்சய விலை தந்த அரசுத் திட்டம் 2010 இல் தொடங்கி, 2019 மார்ச் இறுதியிற் புதியோருக்கு மூடப்பட்டது. அன்று முதல் கீயாவைப் பின்பற்ற விரும்பும் ஊர்களின் பாதை கடினமாயிற்று.

1864 இல் சர்வதேசத் தொழிலாளர் சங்கத்தின் தொடக்க உரையில் மார்க்ஸ் கூட்டுறவுத் தொழிற்சாலைகளைப் பெரும் வெற்றியாகப் போற்றினார். அவை குறுகிய வட்டத்துள் நிற்கும்வரை ஏகபோகத்தின் வளர்ச்சியைத் தடுக்கா என்றும் எச்சரித்தார். அவ்விரு கூற்றுகளும் கீயாவுக்கும் பொருந்துவன. எனவே நமது வினாவுக்கு விடை இதுவாகும்: நிலம் பிரபுவிடம் உள்ள இடத்திற் காற்று பழைய வரிசையின் நான்காவது பொருளே, நிலத்தை மக்கள் மீட்ட இடத்தில் அது முறிவின் தொடக்கம். தொடக்கமே, முடிவன்று. ஆயினும் தம் வீட்டுக் கூரையைத் திருத்துதற்கு எவரது அனுமதியையும் வேண்டாத நிலையை அச்சிறு தீவினர் எய்தியமை, இருநூறாண்டு கால வரலாற்றின் முன் வைத்து நோக்குமிடத்துச் சிறிய செய்தியன்று.